லட்சுமியை நல்ல நேரத்தில் விற்றிருக்க வேண்டும்

எங்கள் கட்டுத்தரையில் இப்போது நிற்பது ஒரே ஒரு மாடு. 2021-ல் ஆறு நின்றன. ஆறு ஒன்றாவதற்குள் எனக்கு மூன்று வருடம் போனது, என் ஆரம் அடகுக்குப் போய்த் திரும்பியது, லட்சுமி என்ற மாடு போகக் கூடாத இடத்துக்குப் போனது. மாட்டை வைத்துக்கொள்வதா கொடுத்துவிடுவதா என்று தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அப்படிப் புரண்ட நாட்களில் எனக்குக் கிடைத்த யோசனை இரண்டே வகை. "இதெல்லாம் கட்டாது, வித்துட்டுப் போ அம்முணி" என்பது ஒன்று. "பால் குடுத்த மாட்டை விக்கறது பாவம்" என்பது இன்னொன்று. என்ன கணக்குப் பார்ப்பது, எந்த மாதத்தில் முடிவெடுப்பது, எதற்காக மனசைக் கேட்பது, எதற்காகக் கேட்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. மானாவாரி நாலு ஏக்கர். அதில் இரண்டு ஏக்கர் கொறங்காடு, அதாவது மாடு மேய விட்ட நிலம், கிளுவை வேலி போட்டது, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும். மீதி இரண்டு ஏக்கரில் அப்பா மழைக்குச் சோளம் விதைப்பார். கிணற்றடியில் இருபது சென்ட் கோ-4 தீவனப் புல். மாடுகளில் ஐந்து ஜெர்சிக் கலப்பு. ஒன்று மட்டும் காங்கயம் பசு, பெயர் மயிலை. 2021 ஆகஸ்டில் ஒரு காலை பால் கறந்து வைத்துவிட்டு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். கருமாதி முடிந்த அன்று மாட்டுப் பேச்சு வந்தது. சென்னையில் இருக்கும் அண்ணன், "நீ ஒருத்தியா பாத்துக்க முடியாது, மயிலையை அம்மாவுக்கு வெச்சுட்டு மத்ததைக் கொடுத்துடலாம்" என்றான். அத்தை ஒருத்தர் எல்லோர் முன்னாலும், "அப்பன் போயி பதினாறு நாள் ஆகல, அதுக்குள்ள மாட்டுக்கு வெலை பேசறீங்களா" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், காலை ஏழுக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். அவரைக் கேட்காமலே சொன்னேன். அந்த முடிவு அண்ணன் மேல் வந்த கோபத்தில் எடுத்தது. இன்று யாராவது கேட்டால், சாவு வீட்டில் மாட்டைப் பற்றி எந்த முடிவும் சொல்லாதீர்கள் என்பேன். மூன்று மாதம் கழித்துப் பேசலாம் என்று சொல்லிவிட்டால் ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் போனது என்று நினைத்தேன். காலை நாலரைக்கு எழுந்து சாணி வழித்து, தீவனம் வைத்து, கறந்து, ஆறரைக்குள் பால் சொசைட்டிக்குப் போய்விடுவேன். மத்தியானம் மூன்றுக்கு மறுபடியும் அதே வேலை. பத்து நாளைக்கு ஒரு முறை கையில் பணம் வரும். ஐந்தாயிரம் ஆறாயிரம் என்று மொத்தமாக வரும்போது லாபம் போலவே தெரியும். தீவனக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டு வருவதால் செலவு கண்ணில் படாது. வைக்கோல் வண்டி வந்தால் வீட்டுப் பணத்தில் கொடுப்போம். டாக்டருக்கு அம்மா சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். வரவு ஒரு கையிலும் செலவு நாலு கையிலும் இருந்ததால் எனக்கு ஒரு வருடம் எதுவும் புரியவில்லை. அப்பாவுக்குக் கட்டுபடியான தொழில் எனக்கும் கட்டும் என்று நம்பினேன்.

2022 பிப்ரவரியில் லட்சுமியைக் கேட்டு வந்தார்கள். அவளுக்கு அது நாலாவது ஈத்துக்கு, அதாவது நாலாவது கன்றுக்குச் சினை, ஏழு மாதம். அப்பாவுக்குச் செல்ல மாடு, அவர் துண்டை நக்கிக்கொண்டே நிற்பாள். வந்தவர்கள் வெள்ளகோவில் பக்கத்துக் குடும்பம், வியாபாரி இல்லை. இரண்டு மாடு வைத்திருப்பவர்கள், மூன்றாவது தேடினார்கள். அந்த அம்மா லட்சுமியின் முதுகைத் தடவிக் கொடுத்த விதத்திலேயே மாடு வளர்க்கத் தெரிந்தவர் என்று தெரிந்தது. 42,000 தருவதாகச் சொன்னார்கள். நான் அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேனே தவிர மாட்டைக் கொடுக்கவில்லை. அன்று ராத்திரி அம்மாவிடம், "அப்பா தொட்டு வளர்த்ததை எப்படிம்மா குடுக்கறது" என்றேன். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஏப்ரலில் லட்சுமி கன்று போட்டாள், காளைக்கன்று. மூன்றாம் நாள் மடி கல்லு மாதிரி ஆகிவிட்டது. கன்று போட்ட மாட்டுக்கு மடி கனப்பது சகஜம் என்று இரண்டு நாள் விட்டேன். அதுதான் தப்பு. பால் திரிதிரியாக வந்த பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். ஊசி, மடிக்குள் ஏற்றும் மருந்து எல்லாம் சேர்ந்து நாலாயிரம் ரூபாய். கூடவே சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பூசச் சொன்னார்கள், கால்நடைப் பல்கலைக்கழகம் சொல்லித் தரும் மருந்து அது. பூசினேன். இரண்டு காம்பு தப்பியது, இரண்டு காம்பு போனது. நாளுக்குப் பத்து லிட்டர் கறந்தவள் நாலு லிட்டருக்கு வந்துவிட்டாள். அப்பா பால் வற்ற விடும் நேரத்தில் கடைசியாகக் கறந்த அன்று நாலு காம்புக்கும் மருந்து ஏற்றச் சொல்லி டாக்டரைக் கூட்டி வருவார் என்பது அம்மா சொல்லி அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அவர் மாடு பார்த்ததை இருபது வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டில் மாடு பார்க்கும் பெரியவர் இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். பால் வற்ற விடும்போது பாலை எப்படிக் குறைக்கிறார், கன்று போடுவதற்கு முன் தீவனத்தை எப்படி மாற்றுகிறார், நஞ்சுக்கொடி எத்தனை மணி நேரத்தில் விழாவிட்டால் டாக்டரைக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் அவரோடு போய்விடும்.

அடுத்தது சினைப் பிரச்சினை. கன்று போட்டு மூன்றாம் மாதம் பருவத்துக்கு வந்தாள், சினை ஊசி போட்டோம். நிற்கவில்லை, அதாவது சினை பிடிக்கவில்லை. மறுபடி போட்டோம். மூன்றாவது ஊசிக்குப் பிறகு பருவ அறிகுறி எதுவும் தெரியவில்லை, சினை நின்றுவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நாலு மாதம் கழித்து டாக்டர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சினையே இல்லைங்க" என்றார். மாடு கத்தாமலே பருவம் வந்து போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாடு 21 நாளைக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். பால் வற்றிய மாட்டுக்கு நாளைக்கு இரண்டு கிலோ தீவனம் 60 ரூபாய், தட்டு என்கிற காய்ந்த சோளத் தாள் ஐந்து கிலோ 35 ரூபாய், ஆக 95. ஒரு பருவம் தவறினால் அடுத்த ஈத்து 21 நாள் தள்ளிப் போகிறது, அதாவது ஏறக்குறைய 2,000 ரூபாய் போகிறது. ஊசி போட்ட தேதியைக் காலண்டரில் எழுதி, 20, 21, 22-ம் நாட்களில் விடிகாலையும் ராத்திரியும் போய்ப் பாருங்கள். பருவத்துக்கு வராவிட்டாலும் அறுபதாம் நாளிலிருந்து தொண்ணூறாம் நாளுக்குள் டாக்டரை வைத்துச் சினை பார்த்துவிடுங்கள். அந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டதில் மட்டும் எனக்கு நாலு மாதம் வீண்.

அந்த வருடக் கடைசியில் அம்மை வந்தது, தோல் கழலை நோய் என்கிறார்களே அதுதான். பக்கத்துத் தோட்டங்களில் ஆரம்பித்து எங்களுக்கும் வந்தது. பொட்டு என்ற மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி, காலில் வீக்கம். அவளுடைய மூன்று மாதக் கிடாரிக் கன்று பத்து நாளில் செத்துப் போனது. வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து நாக்கில் தடவி, வேப்பிலையும் மஞ்சளும் பூசி, ராத்திரியெல்லாம் ஈ விரட்டிக்கொண்டு நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். பொட்டு பிழைத்தாள், பால் பாதியாகிவிட்டது. அந்த மாதத் தீவனக் கடைப் பாக்கி, டாக்டர் செலவு, பிள்ளைகள் பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒன்றாக வந்து நின்றபோது என் ஆரத்தைக் கொண்டுபோய் 1,20,000-க்கு வைத்தேன். மாடு வளர்ப்புக்கும் கிசான் கடன் அட்டை கொடுக்கிறார்கள், ஒழுங்காகக் கட்டினால் வட்டிச் சலுகை உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தீவனத்துக்குக் கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் தீவனத்துக்கே கடன் வாங்கும் நிலை வந்துவிட்டது என்றால், அன்று ராத்திரி நோட்டை எடுத்து உட்கார வேண்டும். நான் அப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஒரு மாட்டுக்கு ஒரு பக்கம் என்று பிரித்தேன். இதுதான் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம். மொத்த மாட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நன்றாகக் கறக்கும் மாடு சும்மா நிற்கும் மாட்டை மறைத்துவிடும். அதே போல மாதக் கணக்கும் உதவாது, கறக்கிற மாதத்தில் லாபம் காட்டும், வற்றிய மாதத்தில் நஷ்டம் காட்டும். ஒரு ஈத்திலிருந்து அடுத்த ஈத்து வரை போட வேண்டும். பொட்டுவுக்கு, நோய் வருவதற்கு முந்தின ஈத்தில், அது 400 நாள். அதில் 300 நாள் கறவை, சராசரி ஏழு லிட்டர், ஆக 2,100 லிட்டர். சொசைட்டியில் எனக்கு லிட்டருக்குச் சராசரி 33 ரூபாய் கிடைத்தது, அறிவிக்கிற விலை வேறு, கொழுப்பும் சத்தும் பார்த்துக் கையில் வருகிற விலை வேறு. வரவு 69,300. கறவை நாளில் நாலு கிலோ, வற்றிய நாளில் இரண்டு கிலோ என்று தீவனம் 1,400 கிலோ, கிலோ 30 வீதம் 42,000. தட்டும் வைக்கோலும் 2,000 கிலோ, 14,000. டாக்டர், சினை ஊசி, மருந்து 3,500. போக மிச்சம் 9,800. நானூறு நாளைக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 24 ரூபாய் 50 காசு. ஐந்து மாடும் பொட்டு மாதிரியே நல்லபடியாக இருந்தாலும் நாளைக்கு 122 ரூபாய். அதற்கு என் உழைப்பு ஆறு மணி நேரம். ஆரத்துக்கு வட்டி மாதம் ஆயிரத்தை ஒட்டி வந்தது, அதைக் கழித்தால் நாளைக்குத் தொண்ணூறு. எருவை விட்டுவிடவில்லை, வருடத்துக்கு ஆறு டிராக்டர் லோடு, 2,500 வீதம் 15,000 என்று சேர்த்துத்தான் பார்த்தேன். அப்போதும் ஒரு நாளைக்கு 130 ரூபாய்தான். நோட்டை மூடிவிட்டு வெளியே வந்து திண்ணையில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்கு எப்படிக் கட்டியது என்பதும் அந்த நோட்டில்தான் புரிந்தது. அவர் தட்டு வாங்கியதே இல்லை, இரண்டு ஏக்கர் சோளம் அவருக்கு வருடத் தீனியைக் கொடுத்தது. கோ-4 புல்லைத் தினமும் அறுத்துப் போட்டதால் கறவை மாட்டுக்கு மூன்று கிலோ தீவனத்தில் சமாளித்தார். நான் வந்த பிறகு சோளம் விதைக்க ஆள் இல்லை, புல்லுக்குத் தண்ணீர் கட்ட நேரமில்லை. ஆக அப்பா நடத்தியது விவசாயத்தோடு சேர்ந்த மாடு. நான் நடத்தியது கடையில் வாங்கிப் போட்ட மாடு. பெயர் ஒன்றுதான், தொழில் வேறு. அப்பா வழியை அப்படியே தொடர்கிறோம் என்று நினைப்பவர்கள் அவர் செய்த வேலையில் எதெல்லாம் நின்று போயிருக்கிறது என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். பச்சைத் தீவனமும் தட்டும் நிலத்திலிருந்து வராத வீட்டில் நாலைந்து கலப்பின மாடு வைத்து, சொசைட்டி விலைக்கு ஊற்றி, கூலி மிஞ்சுவது ரொம்பக் கஷ்டம். பச்சைத் தீவனத்துக்கு வேலிமசாலோ அகத்தியோ கோ-5 புல்லோ வைத்து, வீட்டில் இரண்டு பேர் முழு நேரம் இருந்தால் அது வேறு கணக்கு. அப்படி நன்றாகச் செய்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

கணக்குத் தெரிந்த பிறகும் லட்சுமியை நான் கொடுக்கவில்லை. 2023 மார்ச்சில் பால் வற்றியது, சினை இல்லை. அடுத்த ஊசியில் நின்றுவிடும், ஆடிக்குப் பிறகு பார்க்கலாம், தீபாவளி போகட்டும் என்று டிசம்பர் வரை ஓட்டினேன். ஒன்பது மாதம், மாதம் 2,850 வீதம் இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம் அவளுக்குச் சும்மா போட்ட தீனி. கொடுக்கலாம் என்று மனசு வந்தபோது வளர்ப்புக்கு வாங்க ஆள் இல்லை. வெள்ளகோவில் அம்மாவுக்குப் போன் செய்தேன். "ரெண்டு காம்பு, சினையும் இல்லைன்னா நாங்க என்ன பண்றதுங்க கண்ணு" என்றார். வேறு இரண்டு இடத்திலும் அதுதான் பதில். கோசாலை ஒன்றில் கேட்டேன், இடமில்லை என்றார்கள். கடைசியில் வந்தவர் வியாபாரி. பல்லைப் பார்க்கவில்லை, மடியைப் பார்க்கவில்லை, பின்னால் நின்று உடம்பை மட்டும் பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. 13,500 என்றார். அம்மாவிடம் பண்ணைக்குப் போகிறது என்று பொய் சொன்னேன். வண்டியில் ஏற மறுத்தாள். நான் அப்பாவின் பழைய துண்டை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றேன், அதை நக்கிக்கொண்டே ஏறினாள். அதை நான் செய்திருக்கக் கூடாது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பணமாகப் பார்த்தால் 42,000-க்கும் 13,500-க்கும் நடுவே 28,500, அதோடு ஒன்பது மாதத் தீனி, ஆக ஐம்பத்து நாலாயிரம் ரூபாயை ஒட்டி நஷ்டம். கறந்த நாளில் வந்த பணம் தீவனத்துக்கே சரியாகப் போனது. ஆனால் எனக்கு ஆறாதது பணம் இல்லை. பாசத்தால் வைத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பாசம் அவளுக்கு என்ன செய்தது? 2022-ல் கொடுத்திருந்தால் மாடு வளர்க்கத் தெரிந்த ஒரு வீட்டில் கன்று போட்டிருப்பாள், அந்த அம்மா மடியைக் கவனித்திருப்பார், இன்னும் இரண்டு ஈத்து நன்றாக இருந்திருப்பாள். பாசமும் பணமும் அன்று ஒரே முடிவைத்தான் சொன்னது, நான் இரண்டையும் எதிரெதிராக நினைத்துக்கொண்டேன். மாட்டுக்கு நல்ல வீடு கிடைக்கும் காலம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டாவது ஈத்திலிருந்து நாலாவது ஈத்துக்குள், சினை உறுதியாகி ஆறேழு மாதத்திலோ அல்லது கன்று போட்டுக் கறவையில் இருக்கும்போதோ. அந்தக் காலம் தாண்டினால் வளர்க்கிறவர் வரமாட்டார், அறுக்கிறவர்தான் வருவார். கொடுக்கத்தான் போகிறோம் என்ற எண்ணம் மனசின் ஓரத்தில் இருந்தால் அந்தக் காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள். இல்லை, கடைசி வரை வைத்திருந்து நம் மண்ணிலேயே புதைக்கப் போகிறோம் என்றால், அதற்கு மாதம் எவ்வளவு ஆகும், எத்தனை வருடம் ஆகும் என்று எழுதி, அந்தப் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்றதுதான் நான் செய்த கொடுமை.

இன்னொன்றும் யோசித்தேன். மனசு கேட்கவில்லை என்று சொல்கிறோமே, அதற்குள் என்னென்ன இருக்கிறது? எனக்கு லட்சுமி மேல் பாசம் இருந்தது உண்மை. அதைவிட அதிகமாக அப்பா இன்னும் தோட்டத்தில் இருக்கிறார் என்ற நினைப்பு அந்த மாடுகளில் இருந்தது. அதற்கும் மேலே, "அப்பன் கட்டுத்தரையைக் காலி பண்ணிட்டா" என்று ஊர் சொல்லும் என்ற பயம். அந்தப் பயத்துக்குத்தான் என் பணத்தில் பெரும்பகுதி போயிருக்கிறது. கருமாதியில் பேசிய அத்தை அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எங்கள் கட்டுத்தரைப் பக்கம் வரவில்லை. அம்மாவின் விஷயம் தனி. சொசைட்டிக்குப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வருவதுதான் அவருக்கு ஒரு நாளில் இருக்கும் ஒரே வெளி நடமாட்டம். அது பணம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் அதற்கு ஐந்து மாடு வேண்டியதில்லை.

லட்சுமி போன அடுத்த வாரம், 2023 டிசம்பர் 18 முதல் ஆவின் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தின வருடம் நவம்பரில்தான் பசும்பால் கொள்முதல் விலையை 32-லிருந்து 35 ஆக்கியிருந்தார்கள். வீட்டில் மறுபடியும், இனிமேல் கட்டுமோ என்று பேச்சு எழுந்தது. நோட்டை எடுத்து மூன்று ரூபாயைக் கூட்டிப் போட்டேன். 2,100 லிட்டருக்கு 6,300. அதே காலத்தில் தீவன மூட்டை ஏறியதையும் போட்டபோது பெரிய வித்தியாசம் வரவில்லை. விலை உயர்ந்தால் நோட்டில் போட்டுப் பார்க்கலாம், உயரும் என்று நம்பி மாட்டைக் கட்டி வைக்க வேண்டாம். மயிலையைத் தவிர மற்ற நாலையும் அவரவர் நேரம் பார்த்துக் கொடுத்துவிடுவது என்று அந்தப் பொங்கலில் நானும் அம்மாவும் பேசி முடித்தோம்.

அங்கேயும் ஒரு தரம் அடிபட்டேன். 2024 மார்ச் கடைசியில் கருப்பி என்ற மாட்டைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குக் கொண்டுபோனேன், வாடகை 3,000. வியாழக்கிழமைச் சந்தைக்குக் கேரளா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். தேர்தல் நேரம் என்பது மண்டையில் ஏறவில்லை. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டுவந்தால் பறக்கும் படை பிடிக்கும் என்று வெளியூர் வியாபாரிகள் குறைவாகத்தான் வந்திருந்தார்கள். ஐந்து மாதச் சினை மாட்டுக்கு 24,000-க்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. தரகர் துண்டுக்குள் கையை விட்டு இன்னொருவர் விரலைப் பிடிக்கிறார், என் மாட்டின் விலை எனக்கே தெரியவில்லை. ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, "அம்முணி, திருப்பிக் கொண்டுபோக வாடகை ஆகும்னு அவங்களுக்குத் தெரியும், அதை வெச்சுத்தான் அடிக்கறாங்க. வீட்டுல கட்டி வெச்சு விக்கப் பாருங்க" என்றார். அவர் பேச்சைக் கேட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். போக வர ஆன வாடகையையும் சேர்த்தே நஷ்டக் கணக்கில் எழுதினேன். சொசைட்டியில் பால் ஊற்ற வருபவர்களிடம் சொல்லி வைத்ததில் இரண்டு மாதத்தில் கருப்பி 33,000-க்கு வீட்டிலிருந்தே போனாள். முதலில் சொசைட்டியில் சொல்லுங்கள், பால் வண்டி ஓட்டுபவரிடம் சொல்லுங்கள், சினை ஊசி போடுபவரிடம் சொல்லுங்கள். யார் வீட்டில் மாடு தேடுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். சந்தை கடைசி வழியாக இருக்கட்டும்.

வாங்க வந்தவர்களிடம் நான் எதையும் மறைக்கவில்லை. பொட்டுவுக்கு அம்மை வந்து போனதைச் சொன்னேன், அதற்காக மூவாயிரம் குறைத்துக்கொண்டேன். சந்தனம் என்ற மாடு புது ஆள் கறந்தால் பாலை இறக்காமல் ஏற்றிக்கொள்வாள் என்பதையும் சொன்னேன். வாங்குபவர் கட்டுத்தரையை ஒரு தரம் போய்ப் பார்த்த பிறகுதான் முன்பணம் வாங்கினேன். தரை சாணியாக இருக்கிறதா, தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்திருக்கிறதா, மற்ற மாடுகளின் விலா எலும்பு தெரிகிறதா என்று பார்த்தால் போதும். ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு இரண்டாயிரம் அதிகம் தருகிறேன் என்றும் கொடுக்காமல் வந்தேன். அந்த இரண்டாயிரம் மனசுக்காக விட்டது, நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன். 2024 தீபாவளிக்குள் நாலும் போய்விட்டன. வந்த பணத்தில் ஆரத்தைத் திருப்பினேன். காலையில் கிடைக்கும் நேரத்தில் வீட்டிலேயே பனியன் தைத்துக் கொடுக்கிறேன், பீஸ் கணக்கு. வெயில் காலத்தில் இடுப்பு வலி வரவில்லை என்பதை ஒரு நாள் திடீரென்று கவனித்தேன்.

மயிலை இருக்கிறாள். இரண்டு லிட்டர்தான் கறப்பாள், ஒரு லிட்டர் வீட்டுக்கு, ஒரு லிட்டர் அம்மா சொசைட்டிக்கு எடுத்துப் போவார். கொறங்காட்டில் மேய்ந்து வருவதால் மாதம் 1,200 ரூபாய்க்குள் செலவு அடங்குகிறது. அதை மாட்டுக் கணக்கில் எழுதுவதில்லை, மளிகை, கோயில், பிள்ளைகள் என்று வீட்டுச் செலவு எழுதும் பக்கத்தில் எழுதுகிறேன். அந்தப் பக்கத்தில் இருப்பதற்கு லாபம் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறேன், மாதம் 2,000. மயிலைக்குக் கிடாரி பிறந்தால் ஒரு வருடத்தில் காங்கயம் மாடு வளர்க்கிற வீட்டுக்குக் கொடுத்துவிடுவது என்று இப்போதே பேசி வைத்துவிட்டோம்.

சந்தனத்தை வாங்கியது மூலனூர் பக்கத்தில் ஒரு குடும்பம். இந்தத் தை மாதம் அந்த வீட்டுப் பெண் போன் செய்தாள். சந்தனம் கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள், இரண்டு நாளாகப் பாலை ஏற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள், நீங்கள் எப்படி அக்கா கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரில் போட்டு மாட்டுக் காதுகிட்டே வை கண்ணு என்றார். அப்புறம் அப்பா கூப்பிடுகிற மாதிரியே நாக்கைத் தட்டி, "ந்தா, சந்தனம், இறக்கும்மா, இறக்கு சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் பாத்திரத்தில் பால் விழும் சத்தம் கேட்கும் வரைக்கும் நிறுத்தவில்லை.